கடலில் நமக்கோர் இடம் தேடிய சாவகர்: சேட் வால்சந்த் ஹிராசந்த்

உத்தமபாளையத்தில் திருக்குணகிரி என்று வழங்கும் ஒரு பாறைக் குன்று உண்டு. அதன் முகத்தில் பார்சுவநாதர் முதலிய தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் அருகே வட்டெழுத்துகளில் அச்சணந்தி அடிகளின் பெயரும் காணப்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் ஆசிரியப் பணி ஆற்றிய ஆண்டுகளில், விடுமுறை நாள்களில் அக்குன்றின் அடியில் சென்று அமர்ந்திருப்பது என் வழக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் வழிபட்ட இடத்திலிருந்து பார்த்தால், முல்லைப் பெரியாற்று நீர் பாயும் பச்சை வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும்.

அந்நீர் கிழக்கே வந்த கதை எல்லோரும் அறிந்ததே. 1895 ஆம் ஆண்டில் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பெற்று, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் இப்பள்ளத்தாக்கில் இறங்கியது. அப்பணியில் கல் உடைத்தவரும், மண் சுமந்தவரும், காய்ச்சலில் மாண்டவரும் நம் நாட்டவர். திட்டம் வகுத்தவரும் ஆணையிட்டவரும் ஆங்கிலேயர். பென்னிகுவிக் அவர்களை இப்பகுதி மக்கள் இன்றும் நன்றியோடு வணங்குகின்றனர், அது தகும். ஆயினும் அக்காலத்தில் எந்தப் பெரும் பணியை எடுத்துக்கொண்டாலும், உடல் உழைப்பு இந்தியருடையது, தலைமை வெள்ளையருடையது என்பதே எழுதாத சட்டமாக இருந்தது. அச்சட்டத்தை ஒரு திகம்பர ஜைன வணிகர் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்த்து நின்றார். அவரே சேட் வால்சந்த் ஹிராசந்த் தோஷி. அன்னாரின் வாழ்க்கையை நம் இல்லத்துப் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் விருப்பத்தால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

வால்சந்த் 1882 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் சோலாப்பூரில் பிறந்தார். அவர்தம் முன்னோர் கத்தியவார்ப் பகுதியிலிருந்து பிழைப்பை நாடித் தக்காணத்தில் குடியேறியவர்கள். பருத்தி வாணிபமும் வட்டிக்கடையும் குடும்பத் தொழில்கள். பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்த குழந்தையை உறவினரான பெண்மணி ஒருவர் வளர்த்தார். சோலாப்பூரில் பள்ளிப் படிப்பை முடித்த பின், பம்பாயிலும் பூனாவிலும் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். ஆயினும் பட்டம் பெறாமலே குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார்.

பருத்தி வாணிபத்தில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. அதில் நட்டமும் கண்டார். அந்நிலையில் லட்சுமணராவ் பல்வந்த் பாடக் என்பவரின் நட்பு கிடைத்தது. பாடக் மராட்டிய அந்தணர். ரயில்வேயில் எழுத்தராக இருந்து பின்னர் ஒப்பந்தக்காரர் ஆனவர். அவரிடம் தொழில் அறிவு இருந்தது, முதல் இல்லை. வால்சந்திடம் முதல் இருந்தது, தொழில் அறிவு இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இருவரும் கூட்டுச் சேர்ந்து, பார்சி சிறு ரயில் பாதையில் ஒரு சிறு பகுதியை அமைக்கும் ஒப்பந்தத்தை எடுத்தனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிகர் குடும்பங்களில் கூட்டாளி என்றால் தம்பியோ, மைத்துனனோ, அத்தை மகனோ ஆவதே அந்நாளைய வழக்கம். சாதியும் மொழியும் வேறான ஒருவரைக் கணக்குப் புத்தகத்தின் முன் சமமாக அமர்த்திக் கொள்வது அரிது. வால்சந்த் தம் முதல் முயற்சியிலேயே அதைச் செய்தார். அச்சிறு ஒப்பந்தத்திலிருந்து வளர்ந்த தொழில், பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே போர்க் கணவாயில் மலையைக் குடைந்து ரயில் சுரங்கங்கள் அமைக்கும் அளவுக்கு உயர்ந்தது. பெரியாற்றுச் சுரங்கத்தின் நீரைக் குடித்து வாழும் நமக்கு, மலையைக் குடைவதன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1926 ஆம் ஆண்டில் இத்தொழில் இந்துஸ்தான் கட்டுமான நிறுவனமாக உருப்பெற்றது.

அதே ஆண்டில் அவர் தொடங்கிய மற்றொரு நிறுவனம் இந்தியன் ஹியூம் பைப் கம்பெனி. ஆஸ்திரேலியாவில் ஹியூம் என்பார் கண்டுபிடித்த முறைப்படி கான்கிரீட் குழாய்கள் செய்வது அதன் பணி. நம் ஊர்களில் வாய்க்கால் சாலையைக் கடக்கும் இடங்களில் பதித்திருக்கும் பெரிய குழாயை, அது யார் செய்ததாயினும், உழவர்கள் ஹியூம் பைப் என்றே சொல்கிறார்கள். அப்பெயரை இந்நாட்டில் பரப்பியவர்களுள் ஒரு ஜைனரும் உண்டு என்று வகுப்பில் சொன்னபோது, என் மாணவர்கள் நம்ப மறுத்தது நினைவுக்கு வருகிறது.

சிந்தியா கப்பல் நிறுவனம்

வால்சந்தின் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்தியது கப்பல் தொழிலே. தமிழர்களாகிய நமக்கு இக்கதையின் முதல் பகுதி தெரியும். 1906 ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். கொழும்புக்குக் கப்பல் விட்டார். கட்டணப் போட்டியாலும் அடக்குமுறையாலும் ஆங்கிலேயர் அதை நசுக்கினர். 1908 இல் சிதம்பரனார் சிறை புகுந்தார். சில ஆண்டுகளில் நிறுவனமும் மறைந்தது. கடல் இந்தியருக்கு உரியதன்று என்னும் பாடத்தை ஆட்சியாளர் அவ்வாறு கற்பித்தனர்.

அப்பாடத்தைக் கற்றுக்கொள்ள மறுத்தவர் வால்சந்த். முதல் உலகப் போரில் மருத்துவக் கப்பலாகப் பயன்பட்ட லாயல்டி என்னும் கப்பலைக் குவாலியர் சிந்தியா மன்னர் விற்க முன்வந்தார். வால்சந்த் தம் நண்பர்களோடு சேர்ந்து அதை வாங்கினார். நரோத்தம் மொரார்ஜி, கிலாசந்த் தேவசந்த், லல்லுபாய் சமல்தாஸ் ஆகியோர் அவருக்குத் துணை நின்றனர். 1919 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் பிறந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் லாயல்டி பம்பாயிலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. வால்சந்தும் அக்கப்பலிலேயே பயணம் செய்தார். 1964 முதல் ஏப்ரல் 5 ஆம் நாள் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுவது இதன் நினைவாகவே.

அந்தப் பயணம் இலாபம் தரவில்லை. ஆங்கிலக் கப்பல் முதலாளிகளின் தலைவராக விளங்கிய இஞ்ச்கேப் பிரபு, சிந்தியாவைக் கடலிலிருந்து அகற்ற முனைந்தார். இரங்கூனிலிருந்து அரிசி ஏற்றிவரும் கட்டணம் திடீரெனக் குறைக்கப்பட்டது. செட்டிநாட்டாரும் தஞ்சைத் தொழிலாளரும் அறிந்த அதே இரங்கூன் கடல்வழியில்தான் இப்போர் நடந்தது. நட்டம் தாங்காமல் பங்குதாரர்கள் கலங்கினர். நிறுவனத்தையே விலைக்கு வாங்கிக்கொள்ளவும் இஞ்ச்கேப் முன்வந்தார். விற்றிருந்தால் வால்சந்தும் நண்பர்களும் இட்ட முதலோடு அமைதியாக வீடு திரும்பியிருக்கலாம், அவர்கள் விற்கவில்லை. ஆனால் 1923 ஆம் ஆண்டில் கடுமையான ஓர் உடன்படிக்கைக்கு இணங்க நேர்ந்தது. பத்தாண்டுக் காலம் சிந்தியாவின் கப்பல்கள் 75,000 டன் அளவைத் தாண்டக் கூடாது. கரையோரச் சரக்குப் போக்குவரத்தோடு நின்றுவிட வேண்டும்.

இதைத் தோல்வி என்று பலர் பழித்தனர். வீரமாக நின்று மூழ்குவதா, தலை குனிந்தேனும் மிதப்பதா என்பதே அன்று அவர் முன் நின்ற கேள்வி. சிதம்பரனாரின் முடிவு அவர் கண்முன் இருந்தது. அவர் மிதப்பதைத் தேர்ந்தார். அதனால்தான் அடுத்த தலைமுறைக்குக் கப்பல் மிஞ்சியது என்பது என் கருத்து.

தலைமை யாருக்கு?

அந்நாளில் உலகக் கடல்களில் ஓடிய ஆங்கிலக் கப்பல்களில் பல்லாயிரம் இந்தியர் வேலை செய்தனர். லஸ்கர் என்று அழைக்கப்பட்ட அவர்கள் கயிறு இழுத்தனர், தளம் கழுவினர், உலையில் கரி வாரிப் போட்டனர். கேப்டனோ தலைமைப் பொறியாளரோ ஆகும் வழி அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. இந்தியர் கப்பல் வாங்கினாலும் அதைச் செலுத்த வெள்ளையரையே நம்ப வேண்டிய நிலை.

கொடியை மட்டும் மாற்றிப் பயனில்லை, மேல்தளத்தில் நிற்பவரும் மாற வேண்டும் என்பதைச் சிந்தியா நிறுவனத்தார் உணர்ந்திருந்தனர். இந்திய இளைஞர்களுக்குக் கப்பல் அதிகாரிப் பயிற்சி வேண்டும் என்று தொடர்ந்து வற்புறுத்தினர். அரசு அமைத்த குழுவின் பரிந்துரைப்படி 1927 ஆம் ஆண்டில் பம்பாய்த் துறைமுகத்தில் டஃபரின் என்னும் பயிற்சிக் கப்பல் தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்று வெளிவந்த இளைஞர்களை ஏற்க ஆங்கில நிறுவனங்கள் தயங்கிய காலத்தில், சிந்தியாவின் கப்பல்கள் அவர்களுக்கு இடமளித்தன. 1928 ஆம் ஆண்டில் எஸ்.என். ஹாஜி, கரையோரப் போக்குவரத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய சட்டமன்றத்தில் ஒரு மசோதா கொணர்ந்தார். அது அன்று சட்டமாகவில்லை. விடுதலைக்குப் பின்னரே அக்கனவு நிறைவேறியது.

1929 ஆம் ஆண்டில் நரோத்தம் மொரார்ஜி விபத்தில் மறைந்தார். வால்சந்த் சிந்தியாவின் தலைவர் ஆனார். 1950 வரை அப்பொறுப்பில் இருந்தார். இடையே 1932 முதல் 1933 வரை இந்திய வணிகர் தொழிலதிபர் கூட்டமைப்பின் தலைமையையும் ஏற்றார். 1937 அளவில் சிந்தியா நிறுவனம் ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் பணியிலும் இறங்கியது. அத்துறையில் அதுவரை ஆங்கிலேயர் வசமிருந்த நிறுவனமே ஓங்கியிருந்தது. ஜைனர் தலைமை வகித்த நிறுவனத்தின் கப்பல்கள் அரபுப் பெயர் தாங்கி முஸ்லிம் அன்பர்களைப் புனிதப் பயணத்திற்கு அழைத்துச் சென்றன என்பது இன்று நினைத்தாலும் மகிழ்ச்சி தருவது. அதில் வாணிப நோக்கமும் கலந்திருந்தது உண்மையே. வாணிபமும் நல்லிணக்கமும் ஒரே கப்பலில் பயணம் செய்வதில் குற்றம் ஒன்றும் இல்லை.

அலுவலக நாற்காலியில் ஒரு பெண்

நரோத்தம் மொரார்ஜியின் மருமகள் சுமதி. 1909 இல் பிறந்து, பதின்மூன்று வயதளவில் மணமாகி அக்குடும்பத்தில் புகுந்தவர். ஜமுனா என்னும் அவர் பெயரைச் சுமதி என்று மாற்றியவர் மாமனாரே. மருமகளின் கூர்மையைக் கண்ட அப்பெரியவர், சமையற்கட்டோடு அவரை நிறுத்திவிடாமல், சிந்தியாவின் நிர்வாக முகவர் நிறுவனத்தில் இடமளித்தார். பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே வேண்டுமா என்று பல வீடுகளில் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

இப்பெருமையின் முதற்பங்கு நரோத்தமையே சேரும். வால்சந்துக்கு உரியதை மட்டும் சொல்கிறேன். அவர் தலைவராக இருந்த இருபத்தோர் ஆண்டுகளில்தான் சுமதி அத்தொழிலைக் கற்றார், வளர்ந்தார். 1946 ஆம் ஆண்டளவில் ஆயிரக்கணக்கானோர் பணிபுரிந்த அந்நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பு முழுமையும் அவர் கைக்கு வந்தது. 1956 ஆம் ஆண்டில் இந்தியக் கப்பல் உரிமையாளர் சங்கத்தின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இத்தகைய சங்கத்திற்குப் பெண் ஒருவர் தலைமை ஏற்றது அதற்கு முன் கேள்விப்படாத செய்தி. 1971 இல் பத்ம விபூஷண் விருது பெற்ற சுமதி மொரார்ஜி, 1998 இல் மறைந்தார்.

ஆகாயமும் தரையும்

கடலோடு வால்சந்தின் ஆர்வம் நிற்கவில்லை. 1939 இல் விமானப் பயணம் ஒன்றில் பாலி என்னும் அமெரிக்கரைச் சந்தித்தார். அவ்வுரையாடலிலிருந்து விமானத் தொழிற்சாலை எண்ணம் முளைத்தது. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சர் மிர்ஸா இஸ்மாயில் இடமும் முதலும் தந்து ஊக்கினார். 1940 டிசம்பரில் பெங்களூரில் இந்துஸ்தான் விமான நிறுவனம் பதிவாயிற்று. ஒரு ஜைனர், ஒரு முஸ்லிம் திவான், ஓர் இந்து மன்னர், ஓர் அமெரிக்கப் பொறியியல் வணிகர் என நால்வர் சேர்ந்து அதற்கு அடித்தளம் இட்டனர். 1942 இல் போர் காரணமாக அரசு வால்சந்தின் பங்கை வாங்கிக்கொண்டது.

1941 ஜூன் 21 ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்திற்கு இராஜேந்திர பிரசாத் அவர்கள் அடிக்கல் நாட்டினார். மறு ஆண்டே ஜப்பானிய விமானங்கள் அந்நகரின்மீது குண்டு வீசின, பணி தடைப்பட்டது. எனினும் 1948 மார்ச்சு 14 ஆம் நாள் ஜல உஷா என்னும் 8,000 டன் கப்பலைப் பிரதமர் நேரு கடலில் இறக்கினார். விசுவேசுவரையா அவர்கள் நெடுநாள் கனவு கண்ட மோட்டார்த் தொழிலையும் 1944 இல் பிரீமியர் நிறுவனத்தின் வாயிலாக வால்சந்த் தொடங்கினார். பின்னாளில் பத்மினி கார் அங்கிருந்தே வந்தது. ராவல்காவ், வால்சந்த்நகர் ஆகிய இடங்களில் தரிசைப் பண்படுத்திக் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலைகள் அமைத்தார். ராவல்காவ் மிட்டாயைச் சுவைத்த நம்மவர் பலருக்கும் அதன் பின்னிருந்த மனிதரைத் தெரிந்திராது.

1949 இல் நோய்வாய்ப்பட்ட வால்சந்த், மறு ஆண்டு பொறுப்புகளிலிருந்து விலகினார். இறுதிக் காலத்தில் மனைவி கஸ்தூரிபாய் உடனிருந்து பேணினார். 1953 ஆம் ஆண்டு ஏப்ரல் 8 ஆம் நாள் குஜராத்தில் சித்தபூரில் அன்னார் மறைந்தார். அவருக்கு ஆண் மக்கள் இல்லை. சாங்லியிலும் சோலாப்பூரிலும் உள்ள கல்லூரிகள் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

நாம் கொள்ள வேண்டுவது

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. ஆங்கில ஆட்சியை எதிர்த்தவரே அவ்வாட்சியின் ஒப்பந்தங்களாலும் செல்வம் ஈட்டினார். போர் விமானம் செய்ய முற்பட்டது அகிம்சையைப் போற்றும் நம்மில் சிலருக்கு நெருடலாகவே இருக்கும். தொடங்கிய தொழில்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் அவர் நெஞ்சில் எங்கே நின்றது என்று கேட்கவும் தோன்றும். தலைமைக்கு வந்த பெண்ணும் உரிமையாளர் வீட்டுப் பெண்ணாகவே இருந்தார். எளிய வீட்டுப் பெண்ணுக்கு அக்கதவு திறக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

ஆயினும் அவர் வாழ்வில் ஒன்றை மறுக்க இயலாது. பொருளுக்குப் பல கோணங்கள் உண்டு, ஒருவர் பார்வை மட்டுமே முழு உண்மை ஆகாது என்று அநேகாந்தம் கற்பிக்கிறது. நாம் அதைச் சொற்பொழிவில் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். வால்சந்த் அதை நூல் வழியே கற்றாரோ இல்லையோ, தம் தொழிலில் கடைப்பிடித்தார். பாடக்கின் கண்ணும், நரோத்தமின் கண்ணும், மிர்ஸா இஸ்மாயிலின் கண்ணும் சேர்ந்தே அவருக்கு வழி காட்டின.

என் பணிக்காலத்தில் நடந்த ஒன்றைக் கூறி முடிக்கிறேன். போடிநாயக்கனூரிலிருந்து ஒரு மாணவி என்னிடம் பயின்றாள். அவள் தந்தைக்கு ஏலக்காய் வாணிபம். கணக்கில் அவள் புலி. காயைக் கையில் அள்ளிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவாள். தந்தை நோயுற்ற ஓராண்டு முழுவதும் கடைக் கணக்கை அவளே எழுதினாள். அவர் உடல் தேறியதும் கடையைத் தம் அக்காள் மகனிடம் ஒப்படைத்தார். பெண்ணுக்கு எதற்கம்மா கடை என்று என்னிடமே சொன்னார். நான் மறுமொழி கூறவில்லை. பிறர் குடும்ப விவகாரத்தில் ஆசிரியை தலையிடலாகாது என்று அன்று எண்ணினேன். சில ஆண்டுகளில் அக்கடை மூடப்பட்டது என்று அறிந்தேன். அவளிடம் தந்திருந்தால் நிலைத்திருக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் தகுதியை நேரில் கண்ட பின்னும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. அதைக் கண்டும் நான் வாய் திறக்கவில்லை. அவ்வருத்தம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

நம் சமுதாயம் சிறியது. உழவிலும் ஆசிரியப் பணியிலும் வாணிபத்திலும் நிற்கும் குடும்பங்கள் நாம். கடையோ, நிலமோ, கல்வி அறக்கட்டளையோ, ஜினாலய நிர்வாகமோ எதுவாயினும், அடுத்து இதை யார் நடத்துவது என்னும் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் எழும். அன்று மகன், மருமகன் என்று மட்டும் பார்க்காமல், மகளையும் மருமகளையும், நம் குடும்பத்தைச் சாராத நல்ல பணியாளரையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். லஸ்கர்களாகவே இருந்த இந்தியருக்குக் கேப்டனின் இடத்தைக் கேட்டு வாங்கித் தந்தார் ஒரு சாவகர். நம் வீட்டுக்குள்ளேயே கயிறு இழுத்துக்கொண்டிருப்பவர் யார் என்று நாமும் பார்ப்போமாக.

அறம் வளர்க!